ஸ்டிக்கரை எந்தக் கையால் ஒட்டுவது?

சபைக் காணிக்கையில் வாங்கிய பொருளைப் பற்றி எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. சொந்தக் காசு என்றால் "சரி, போகட்டும்" என்று பரணில் தூக்கிப் போட்டுவிடலாம். இதற்குக் கமிட்டியில் பதில் சொல்ல வேண்டும். அடுத்த வருடமும் இதையே வாங்கலாமா என்று கேட்பார்கள். அதற்காகத்தான் வாராவாரம் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன், குறிப்பு நீண்டுவிட்டது. சண்டே கிளாஸ் எடுக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பொருள் இதுதான்: 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கான 13 வாரப் பாடப்பெட்டி. "பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால்" என்ற மத்தேயு 18:3-தான் மொத்தத்துக்கும் அடிப்படை வசனம். விசுவாசம், தயவு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லித் தருகிறார்கள். உள்ளே ஆசிரியர் கையேடு, பெரிய படங்கள், பிள்ளைகளுக்கு வேலைப்புத்தகம், கையில் மாட்டும் துணி ஆட்டுக்குட்டி ஒன்று, சுவரில் மாட்ட ஒரு "அன்புச் செயல்" சார்ட், அதற்கு இதய வடிவ ஸ்டிக்கர்கள் தாள் தாளாக. போட்ட கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியைப் பலரும் போடுகிறார்கள், குறைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

தாள் தரமானது. அச்சு நன்றாக இருக்கிறது. வேலைப்புத்தகத்தின் ஸ்டேப்ளர் பின் மூன்றாம் வாரத்திலேயே கழன்றது. ஆட்டுக்குட்டியின் இடது காது அதற்கும் முன்னால் போய்விட்டது. இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் பாடத்தின் படத்தை விரித்ததுமே எனக்கு என்னவோ போல் இருந்தது. இயேசு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். சுற்றி எட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் வழித்துச் சீவிய தலை, பளிச்சென்ற உடுப்பு. ஒருத்தி கையில் பூ வேறு. ஒரு பிள்ளைக்காவது மூக்கு ஒழுக வேண்டுமே, கிடையாது. மாற்கு 10-ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளையே வாசிக்க வைத்தேன். வாசித்து முடித்ததும் எட்டு வயதுக்காரி ஒருத்தி எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய், மூலை மூலையாகப் பார்த்துவிட்டு, "டீச்சர், அதட்டுனவங்க எங்கே?" என்றாள்.

சரியான கேள்வி. படத்தில் சீஷர்களே இல்லை! பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அவர்கள் அதட்டியதும், அதைக் கண்டு இயேசு விசனமடைந்ததும் போய்விட்டால் அந்தக் கதையில் என்ன மிச்சம்? ஒரு காலண்டர் படம்தான் மிச்சம். அந்த விசனத்தை மாற்கு மட்டும்தான் எழுதிவைத்திருக்கிறார். மத்தேயுவும் லூக்காவும் அதே சம்பவத்தைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டார்கள். பெட்டிக்காரர்கள் மாற்குவை எடுத்துக்கொண்டு, மாற்குவில் மட்டும் இருப்பதையே விட்டிருக்கிறார்கள்.

கையேடு இந்த இடத்தில் "பிள்ளைகளின் நற்குணங்கள்" என்று ஒரு பட்டியல் தருகிறது: கபடமின்மை, கீழ்ப்படிதல், சாந்தம், இன்னும் சில. இதை எழுதியவர் பத்துப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் ஓர் அறைக்குள் இருந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். என் கிளாஸில் 14 பேர். ஜன்னலோர இடத்துக்காக வாரா வாரம் ஒரு யுத்தம் நடக்கும்.

லூக்கா 18:15-இல் கைக்குழந்தையைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லைத்தான் லூக்கா போட்டிருக்கிறார். கைக்குழந்தையிடம் என்ன சாந்தத்தைக் கண்டுபிடிப்பது? அது நல்ல பிள்ளை என்பதற்காக அங்கே வரவில்லை. அதை யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான். காட்டுவதற்கு அதன் கையில் ஒன்றுமே கிடையாது. இதற்கு அடுத்தாற்போலவே, மூன்று சுவிசேஷங்களிலும், ஆஸ்தியுள்ள ஒருவன் வந்து நித்தியஜீவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். தேவனுடைய கட்டளைகளையெல்லாம் கைக்கொண்டு வருகிறவன். துக்கத்தோடு திரும்பிப் போகிறான். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தாலே "பிள்ளையைப்போல" என்பது என்னவென்று பாதி புரிந்துவிடும். பெட்டியில் ஐசுவரியவானும் இல்லை.

சரி, மூன்றாம் வாரம். விசுவாசம் பற்றிய பாடம். கையேடு சொல்லும் விளையாட்டு: பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட வேண்டும், அது அப்படியே பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்கும் பெரியவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். யோசிக்காமல் நம்புவதுதான் குழந்தையின் விசுவாசம் என்று விளக்கம். நாலு பேர் சிரித்துக்கொண்டே சாய்ந்தார்கள். ஐந்தாவதாக வந்த ஏழு வயதுப் பையன் துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு பாத்துட்டுத்தான் விழுவேன்" என்றான். திரும்பிப் பார்த்தான். நான்தான் என்று தெரிந்ததும் துணியைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டு, மற்ற நாலு பேரையும்விட வேகமாகச் சாய்ந்தான். நான் தடுமாறி சுவரில் மோதினேன்.

இதற்குக் கையேட்டில் இடம் இல்லை. "தயங்கும் பிள்ளையை உற்சாகப்படுத்தவும்" என்று ஒரு வரி இருக்கிறது. நான் உற்சாகப்படுத்தவில்லை, "நீ செஞ்சதுதான் சரி தம்பி" என்று சொன்னேன். யார் என்று தெரிந்து சாய்வது விசுவாசம். யாராக இருந்தாலும் சாய்வதை என்னவென்று சொல்வது? இன்னொன்று, இந்தக் காலத்தில் எந்தப் பெரியவரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று ஒரு பிள்ளைக்கு, அதுவும் ஆலயத்துக்குள் வைத்து, பழக்கிக் கொடுப்பது சரியே இல்லை. இந்தப் பெட்டி வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.

எனக்கு இதில் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு. 11 வயதில், அப்பா படுக்கையில் கிடந்தபோது, வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு பெரியவரிடம், "இத்தனை பேர் ஜெபிச்சும் ஏன் இன்னும் சுகமாகலை?" என்று கேட்டேன். "குழந்தை மாதிரி நம்பணும், கேள்வி கேக்கக் கூடாது" என்றார். நான் குழந்தைதானே, அதனால்தானே கேட்டேன் என்று பதில் சொல்லத் தெரியவில்லை. லூக்கா 2-இல் 12 வயது இயேசு தேவாலயத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களை வினாவிக்கொண்டிருந்தார். பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது துர்க்குணத்தில் குழந்தைகளாயிருங்கள், புத்தியில் அல்ல என்று பிரித்தே சொல்கிறார். இந்த வசனம் 13 வாரத்தில் ஒரு இடத்திலும் வரவில்லை.

இப்படியே திட்டிக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆறாம் பாடத்துக்காக மட்டும் இந்தப் பெட்டியை வாங்கலாம்.

நாகமான் கதை, 2 இராஜாக்கள் 5. குஷ்டம் பிடித்த சீரியப் படைத்தலைவன் யோர்தானில் முழுகிச் சுகமான கதை. வழக்கமாக நாகமானைத்தான் கதாநாயகனாக்குவோம். ஏழு தரம் முழுகுவதற்குப் பிள்ளைகளை ஏழு தரம் குதிக்க வைப்போம். இந்தக் கையேடு அவன் வீட்டில் இருந்த அடிமைப் பெண்ணிடம் நிற்கிறது. சீரியப் படை கொள்ளையிட வந்தபோது பிடித்துக்கொண்டு போன சிறு பெண். பெயர் இல்லை. மொத்த வேதாகமத்திலும் அவள் பேசுவது ஒரே ஒரு வசனம்: எஜமான் சமாரியாவிலிருக்கும் தீர்க்கதரிசியிடம் போனால் நலமாயிருக்கும், குஷ்டம் நீங்கும் என்று.

கையேடு இங்கே இரண்டே கேள்வி கொடுத்து, "பதில் சொல்ல அவசரப்படுத்த வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. அவளை வீட்டிலிருந்து பிரித்தது யார்? அவள் ஏன் வாயைத் திறந்தாள்? இதை எழுதியவருக்குப் பிள்ளைகளைத் தெரியும். முதல் பாடத்தை எழுதியவர் வேறு ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் கேள்விக்குப் பிறகு அறை அப்படியே அமைதியாகிவிட்டது. நாகமான் படைத்தலைவன் என்பதையும் இவளைப் பிடித்தது அதே நாட்டுப் படை என்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். "சும்மா இருந்திருக்கலாமே, செத்திருப்பான்ல?" என்றான் ஒருவன். "அவனோட பொண்டாட்டி நல்லவங்களா இருந்திருப்பாங்க" என்றாள் இன்னொருத்தி. பத்து வயதுக்காரன், இனிமேல் பெரிய வகுப்புக்குப் போகிறவன், "சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சிருப்பா" என்றான். அனுப்பினார்களா என்று கேட்டார்கள். வேதம் சொல்லவில்லை என்றேன். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

கடைசியில் ஆறு வயதுச் சின்னவள், வேலைப்புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்கு நீல முடி தீட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "அவளுக்கு வழி தெரியும். அதான் சொன்னா" என்றாள்.

13 வாரத்தில் விசுவாசமும் தயவும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அதுதான். அவள் நல்ல பேர் வாங்குவதற்காகச் சொல்லவில்லை. பகையை மன்னித்துவிட்டேன் என்று அறிவிக்கவும் இல்லை. தீர்க்கதரிசி இருக்கிறார், அவர் சுகமாக்குவார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, கண் முன்னால் ஒருவன் அழுகிக்கொண்டிருக்கிறான், சொல்லிவிட்டாள்.

இதே அதிகாரத்தில் இன்னொரு அழகு இருக்கிறது, கையேடு ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். 2-ஆம் வசனத்தில் அவள் "சிறு பெண்". 14-ஆம் வசனத்தில் நாகமான் யோர்தானில் முழுகி எழுந்ததும் அவன் மாம்சம் "சிறுபிள்ளையின்" மாம்சத்தைப்போல ஆகிறது. எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் அதே சொற்கள்தான், ஒன்று பெண்பால், ஒன்று ஆண்பால். ரதமும் குதிரைகளும் வெள்ளியும் பொன்னுமாக வந்து இறங்கிய படைத்தலைவன் கடைசியில் அந்த அடிமைச் சிறுமி மாதிரி ஆகிறான். 22 வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறேன், இது என் கண்ணில் பட்டதில்லை. ஒரு பெட்டியிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

ஆனால் பாடம் நாகமான் சுகமானதோடு முடிகிறது. கேயாசியை விட்டுவிட்டார்கள். தீர்க்கதரிசி எலிசா வெகுமதி வேண்டாம் என்று நாகமானைத் திருப்பி அனுப்பிய பிறகு, அவருடைய வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடிப்போய் பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் வாங்கி ஒளித்துவைத்த கதை. ஏன் விட்டார்கள் என்பது சுவரில் மாட்டியிருந்த சார்ட்டைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது.

சார்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் பெயர் ஒரு பக்கம் கீழாக, வாரங்கள் குறுக்காக. ஓர் அன்புச் செயலுக்கு ஓர் இதய ஸ்டிக்கர். 13 வாரம் முடிந்து அதிக ஸ்டிக்கர் வாங்கியவருக்கு அட்டைக் கிரீடம். கிரீடமும் பெட்டியிலேயே வருகிறது. ஒன்றே ஒன்று.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. மூன்றாம் வாரத்திலிருந்து என் அறைக் கதவைத் திறந்துவிடுவதற்கு வரிசை நின்றது. உள்ளே வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கதவைத் திறந்தார்கள். கீழே விழாத பென்சிலை எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் வாரம் ஒரு பையன் இன்னொருவனைத் தள்ளிவிட்டுத் தூக்கிவிட்டான். இரண்டுமே என் கண் முன்னால். ஒருத்தி வீட்டில் செய்ததையெல்லாம் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சுவரில் மாட்டியதை அவர்கள் படித்தார்கள். கப்பர்நகூமுக்குப் போகும் வழியில் யார் பெரியவன் என்று தர்க்கம் பண்ணிய பன்னிரண்டு பேரை அடக்குவதற்குத்தான் இயேசு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். நாம் நடுவில் ஒரு சார்ட்டை நிறுத்தி, பிள்ளைகளுக்கு அந்தத் தர்க்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம்.

என் தங்கை குழந்தை உளவியல் படித்தவள். அவளிடம் புலம்பியபோது, "இது பழைய கதை அக்கா" என்றாள். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்ற மூவர், தாங்களாகவே ஆசையாகப் படம் வரைகிற பாலர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். தந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2008-இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளிடம், உதவி செய்வதை வைத்தே சோதித்தார்கள். உதவினதற்குப் பொருள் வாங்கின குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது. ஒன்றுமே வாங்காதவர்கள், வெறும் பாராட்டு வாங்கினவர்கள் குறையாமல் உதவினார்கள். "அந்த வயசுல அது தானா வருது, நாமதான் கூலி கொடுத்துக் கெடுக்கிறோம்" என்றாள். அவள் ஆலயத்துக்கு வந்து பல வருடமாகிறது, அது வேறு விஷயம்.

அப்படியும் நான் சார்ட்டைக் கழற்றவில்லை. கமிட்டி வாங்கிக் கொடுத்தது, பாதியில் எப்படி நிறுத்துவது என்று இருந்துவிட்டேன். ஒன்பதாம் வாரம் பெட்டியே அதற்கு வழி பண்ணிக் கொடுத்தது. மனப்பாட வசனம் மத்தேயு 6:3: "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது." ஏழெட்டுத் தரம் கோரஸாகச் சொல்ல வைத்தேன். அப்புறம் வழக்கம்போல ஸ்டிக்கர் தாளை எடுத்தேன். மூன்றாம் வாரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாய்ந்த அதே பையன், தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"டீச்சர், அப்ப ஸ்டிக்கரை எந்தக் கையால ஒட்டறது?"

கிண்டல் இல்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. கையேட்டைப் புரட்டினேன், அந்தப் பாடத்தின் கடைசி வரியே "ஸ்டிக்கர் ஒட்ட மறக்காதீர்கள்" என்பதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள், ஏன் என்று தெரியாமலேயே. பிறகு நாற்காலி போட்டு ஏறி சார்ட்டைக் கழற்றினேன். அதிக ஸ்டிக்கர் வைத்திருந்தவள் அழுதாள். அவளிடம் நான் நேர்மையாக மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது வாரம் ஒரு விதியைச் சொல்லிவிட்டு, அவள் அதன்படி நடந்த பிறகு விதியை மாற்றியது நான்தானே. அடுத்த வாரமும் அவள் முகம் கொடுக்கவில்லை.

கதவை மறுபடி யாரும் திறந்துவிடவில்லை, மூன்று வாரத்துக்கு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள், கையில் சுமையோடு வருகிறவர்களுக்கு மட்டும்.

மற்ற பாடங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஐந்து அப்பம், இரண்டு மீன் பாடத்தில் பையனை எல்லோருக்கும் மனமுவந்து கொடுத்த வீரனாக்கிவிட்டார்கள். யோவான் மட்டும்தான் பையன் ஒருவன் இருந்ததையே சொல்கிறார், அவரும் அவன் என்ன நினைத்தான் என்று சொல்லவில்லை. பாட்டுகள் சுமார். பதினொன்றாம் பாடம், ஜெபம், நன்று. வேலைப்புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள், கோடுகூட இல்லை. நீல முடி தீட்டியவள் அதில் எழுதியது: "ஆண்டவரே பாட்டிக்கு பல் வலி. இன்னைக்கே." பெரியவர்கள் கூட்டத்தில் இதே விண்ணப்பத்துக்கு நாங்கள் ஏழு நிமிடம் எடுத்துக்கொள்வோம்.

நட்சத்திரம் எத்தனை என்று கேட்பீர்கள். ஸ்டிக்கரை இவ்வளவு திட்டிவிட்டு நட்சத்திரம் கொடுப்பதற்குக் கை வரவில்லை. கமிட்டிக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 6-ஆம் பாடமும் 11-ஆம் பாடமும் உள்ளபடியே எடுக்கலாம். முதல் பாடத்துக்குப் படத்தை மடித்து வைத்துவிட்டு மாற்குவை மட்டும் வாசித்தால் போதும். மூன்றாம் பாடத்தில் கண் கட்டும் துணி வேண்டாம். கேயாசியை ஆசிரியர் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். சார்ட்டும் கிரீடமும் இல்லாமல் கையேட்டை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

மீந்த ஸ்டிக்கர் பதினோரு தாள் அலமாரியில் இருக்கிறது. கிழிந்த பாட்டுப் புத்தகங்களை அதை வைத்துத்தான் ஒட்டுகிறோம். பசை நல்ல பசை. ஆட்டுக்குட்டியின் காதை மட்டும் அது தாங்கவில்லை, ஊசி நூல்தான் வேண்டியிருந்தது.